காலிப் பெட்டியில் NIL வந்த மூன்று நாட்கள்

1. புதன்கிழமை போன்

புது இணைப்பு ஓடத் தொடங்கிய மூன்றாம் நாள், புதன்கிழமை காலை பதினொரு மணி இருக்கும். பத்மா சிஸ்டரிடமிருந்து போன் வந்தது. சிங்கப்பூரின் மேற்குக் கோடியான துவாஸில் தொழிலாளர் விடுதிகளுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு சிறிய கிளினிக்கில் அவர் மூத்த நர்ஸ். அங்கே நோயாளிகளின் விவரங்களை வைத்திருக்கும் அப்ளிகேஷனைப் பராமரிப்பது என் வேலை. வழக்கமாக அவர் போன் செய்தால் முதலில் "சாப்டாச்சா?" என்பார். அன்றைக்கு அதெல்லாம் இல்லை, இங்கத்திய பேச்சில் ஒட்டிக்கொள்ளும் 'லா' மட்டும் இருந்தது.

"ஷாஹிதா, உங்க சிஸ்டத்துல இவருக்கு அலர்ஜி NIL-னு காட்டுது. இவரு என்னடான்னா பென்சிலின் ஊசி போட்டு ஊர்ல மயங்கி விழுந்தேன்னு சொல்றாரு. எது லா உண்மை?"

சண்முகம் என்பவர், கப்பல் பட்டறையில் வெல்டர். கால் விரலில் சீழ் பிடித்து வந்திருக்கிறார். டாக்டர் ஸ்கிரீனைப் பார்த்திருக்கிறார். அலர்ஜி என்ற இடத்தில் NIL, அதாவது எதுவும் இல்லை என்று இருந்ததால் பென்சிலின் வகை மாத்திரையை எழுதிவிட்டார். பத்மா சிஸ்டர் மாத்திரையைக் கையில் கொடுத்து, "மூணு வேளை, சாப்பிட்டப்புறம்" என்று சொன்னபோதுதான் அந்த மனிதர், "சிஸ்டர், இது பென்சிலின் சாதியா? அது எனக்குச் சேராதே" என்றிருக்கிறார். அவருக்குக் கேட்கத் தெரிந்திருந்தது. டாக்டர் மருந்தை மாற்றிக் கொடுத்துவிட்டார்.

"அவருக்கு ஒண்ணும் இல்லையே சிஸ்டர்?"

"இல்ல. மாத்திரையைத் திருப்பி வாங்கிட்டேன், என் கையிலதான் இருக்கு. நீ முதல்ல பாரு."

நான் நேரடியாக டேட்டாபேஸைத் திறந்து சண்முகத்தின் பதிவைப் பார்த்தேன். அலர்ஜி என்ற கட்டத்தில் ஒன்றுமே இல்லை. யாரும் அவரிடம் கேட்டதும் இல்லை, எழுதியதும் இல்லை. டேட்டாபேஸில் ஒன்றுமில்லை, ஸ்கிரீனில் NIL. இரண்டுக்கும் நடுவில் இருந்தது ஒன்றே ஒன்று. போன மாதம் நான் எழுதிய புரோகிராம் கோட்.

2. எதை மாற்றினோம், ஏன் மாற்றினோம்

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன்.

ஒரு அப்ளிகேஷனும் டேட்டாபேஸும் நேரடியாகப் பேசிக்கொள்வதில்லை. நடுவில் டிரைவர் என்று ஒன்று இருக்கும். அப்ளிகேஷன் கேட்பதை டேட்டாபேஸுக்குப் புரிகிற மாதிரி சொல்லி, பதிலை வாங்கிக் கொண்டுவந்து கொடுப்பது அதன் வேலை. கிளினிக்கின் அப்ளிகேஷன் மிகப் பழையது. அதன் டிரைவரும் அதே வயது. அதை உருவாக்கியவர்களே கைவிட்டுப் பல வருடங்கள் ஆகிவிட்டன. ஆனாலும் ஓடிக்கொண்டிருந்தது. ஓடுகிற வரைக்கும் யாரும் கைவைக்க மாட்டார்கள்.

இந்த வருடம் கைவைத்தே ஆகவேண்டி வந்தது. செர்வரைப் பராமரிக்கும் நிறுவனம், பழைய பாதுகாப்பு முறையில் வரும் இணைப்புகளை இனி ஏற்கமாட்டோம் என்று தேதி குறித்துச் சொல்லிவிட்டது. எங்கள் பழைய டிரைவருக்குப் புதிய முறை தெரியாது. டிரைவரை மாற்றினால் மட்டும் போதாது. டேட்டாவை வாசிக்கும் கோட் அத்தனையும் பழைய இணைப்பின் பழக்கத்துக்கு எழுதப்பட்டிருந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட இடங்கள்.

எங்கள் ஆபீஸ் சிராங்கூன் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சின்னத் தெருவில், மளிகைக் கடைக்கு மேல் இரண்டாம் மாடியில் இருக்கிறது. மொத்தம் ஆறு பேர். நடத்துகிறவர் அருள். திருச்சியிலிருந்து எஞ்சினியராக வந்து இங்கேயே நிலைத்துவிட்டவர். என்னைவிட எட்டு வயது இளையவர், அதனால் முதலாளியாக இருந்தும் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். நான் இங்கேயே பிறந்து வளர்ந்தவள். என் அத்தா டன்லப் ஸ்ட்ரீட்டில் கைலிக் கடை வைத்திருந்தார். கம்ப்யூட்டர் வேலைக்கு வந்து முப்பது வருடம் ஆகிறது. ஆறு பேரில் பழைய கோட் படிக்கத் தெரிந்தவள் நான்தான் என்பதால் இந்த வேலை என்னிடம் வந்தது.

பழைய கோடில் ஒரு வினோதம் இருந்தது. ஒவ்வொரு கட்டத்தை வாசிக்கும்போதும், முதலில் அதை எழுதியவர் வால் போல ஒரு வெற்று எழுத்தைச் சேர்த்து வைத்திருந்தார். அதைப் பார்த்து நான் சிரித்தேன். ஆனால் அந்த வாலுக்கு ஒரு காரணம் இருந்தது. டேட்டாபேஸில் எதுவுமே எழுதப்படாத கட்டத்துக்கு NULL என்று பெயர். அந்த வாலைச் சேர்த்தால் NULL எல்லாம் சத்தமில்லாமல் காலிப் பெட்டியாகிவிடும். புதிய இணைப்பு அப்படி விட்டுக்கொடுக்காது. NULL-ஐ எழுத்தாக வாசிக்கப் போனால் புரோகிராம் எரர் காட்டி நின்றுவிடும்.

ஆகவே நான் ஒரு சிறு ஃபங்ஷன் எழுதினேன். NULL வந்தால் அதைப் பிடித்து, பதிலுக்கு வேறொன்றைக் கொடுக்கும். அதற்கு 'சேஃப் டெக்ஸ்ட்' என்று பெயர் வைத்தேன். எல்லா இடத்திலும் அதையே போட்டேன். முதலில் காலிப் பெட்டியைத்தான் கொடுத்தது. டெஸ்ட் செய்தபோது அருள் ஒரு பிரிண்ட் அவுட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"அக்கா, இவ்ளோ இடம் காலியா இருந்தா, மாத்தினதுல டேட்டா காணாமப் போச்சுன்னு கிளையண்ட் நெனப்பாங்க. ஏதாவது ஒண்ணு போட்டுடலாமே."

சரியென்று பட்டது. வீட்டு போன் எண், இரண்டாவது முகவரி, ஃபேக்ஸ் என்று காலியாகக் கிடந்த கட்டங்கள்தான் எங்கள் கண்ணில் பட்டன. ஃபங்ஷனில் ஒரே ஒரு வரியை மாற்றி NIL போட்டேன். பிரிண்ட் அவுட் பளிச்சென்று இருந்தது.

பழையதிலும் புதியதிலும் பதிவுகளின் எண்ணிக்கை ஒன்றா என்று பார்த்தேன். ரிப்போர்ட்டுகளை வரி வரியாக ஒப்பிட்டேன். எல்லாம் பொருந்தியது. பத்மா சிஸ்டர் பக்கத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்து பார்க்கவேண்டும் என்று மட்டும் எனக்குத் தோன்றவில்லை.

உட்கார்ந்திருந்தால் தெரிந்திருக்கும். அலர்ஜி பெட்டி காலியாக இருந்தால் அவர் கேட்பார். NIL என்று இருந்தால், ஏற்கெனவே யாரோ கேட்டு எழுதிவிட்டார்கள் என்று அர்த்தம், கேட்கமாட்டார். அது எந்த மேனுவலிலும் இல்லை. அவருடைய பழக்கம். அந்தப் பழக்கத்தின் மேல்தான் கிளினிக் இத்தனை வருடம் நடந்துகொண்டிருந்தது.

3. டிஸ்ப்ளே இஷ்யூ

அந்த ஃபங்ஷனைச் சரிசெய்ய இருபது நிமிடம் ஆனது. அலர்ஜி கட்டத்தில் NULL இருந்தால் சிவப்புப் பட்டையில் 'கேட்கவில்லை' என்று ஆங்கிலத்தில் காட்டும்படி மாற்றி, உடனே ஏற்றினேன். பத்மா சிஸ்டர் பார்த்துவிட்டு, "இப்ப சரி லா" என்றார்.

அருளிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"யாருக்கும் ஒண்ணும் ஆகலல்ல?"

"இவருக்கு ஆகல."

"சரி பண்ணியாச்சுல்ல?"

"கோட் சரி பண்ணியாச்சு. ஆனா திங்கள், செவ்வாய், இன்னைக்குக் காலையில வந்தவங்க? அவங்களுக்கும் NIL-னுதானே காட்டியிருக்கும்?"

அவர் ரிப்போர்ட் ஃபாரத்தை என் பக்கம் தள்ளினார். பிறகு, "அக்கா, ரிப்போர்ட்ல டிஸ்ப்ளே இஷ்யூ, ஃபிக்ஸ்டுன்னு எழுதிடுங்க. பொய் இல்லையே. டிஸ்ப்ளேதானே தப்பு" என்றார்.

அவர் கெட்டவர் இல்லை. சின்ன கம்பெனி, ஒரு கிளையண்ட் போனால் ஆறு பேருக்கும் கஷ்டம் என்கிற பயம். எனக்கும் அந்தப் பயம் இருந்தது. அதைவிட வெட்கம் அதிகமாக இருந்தது. முப்பது வருடம் வேலை பார்த்தவள் செய்கிற தப்பா இது?

"அருள், நான் டாக்டர்கிட்ட நேரா சொல்லப்போறேன். பட்டியல் எடுத்து ஒவ்வொருத்தரையும் கூப்பிடணும். நீங்க வேணாம்னு சொன்னாலும் சொல்லத்தான் போறேன்."

அவர் மேசையிலிருந்த கார் சாவியை எடுத்தார்.

"வாங்க, நானே கூட்டிட்டுப் போறேன். நான்தானே ஏதாவது போடச் சொன்னேன்."

கிளினிக்கில் டாக்டர் முன்னால் நான் முழுவதையும் சொன்னேன். எந்த வரி, யார் எழுதியது, எப்போது ஏற்றியது எல்லாம். அவர் குரலை உயர்த்தாமல், "லிஸ்ட் எவ்வளவு நேரத்தில் கிடைக்கும்?" என்று மட்டும் கேட்டார்.

4. இருபத்து மூன்று பேர்

மூன்று நாட்களில் வந்து, அலர்ஜி கட்டத்தில் NULL இருந்து, மருந்து வாங்கிச் சென்றவர்கள் இருபத்து மூன்று பேர். அன்று மதியத்திலிருந்து பத்மா சிஸ்டரும் நானும் ஆளுக்கொரு போனை வைத்துக்கொண்டு கூப்பிடத் தொடங்கினோம். வேலை நேரத்தில் பலர் எடுக்கமாட்டார்கள். எடுத்தவர்களுக்கு முதலில் பயம். கிளினிக்கிலிருந்து தானாகப் போன் வந்தால் மெடிக்கல் செக்கப்பில் ஏதோ சிக்கல், ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்தார்கள். பத்மா சிஸ்டர் எல்லாரிடமும் ஒரே மாதிரி தொடங்கினார்.

"தம்பி, ஒண்ணும் பயப்படாதீங்க. உங்க மேல ஒரு தப்பும் இல்ல. நாங்க கேக்க மறந்த ஒரு கேள்வி, அதைக் கேக்கத்தான் கூப்பிட்டேன்."

வியாழக்கிழமை மாலைக்குள் இருபத்து இரண்டு பேரிடம் பேசிவிட்டோம். யாருக்கும் தொந்தரவு இல்லை. மிச்சம் ஒருவர். கதிரேசன், கப்பலுக்குப் பெயிண்ட் அடிப்பவர். கையில் வெட்டுக்காயம் சீழ் வைத்து, செவ்வாய்க்கிழமை பென்சிலின் வகை மாத்திரை வாங்கியிருக்கிறார். அவருடைய எண் அணைந்தே கிடந்தது. விடுதியில் அவர் அறைக்காரர் சொன்னார்: "போன் தண்ணில விழுந்துருச்சு சிஸ்டர். அவன் இப்ப வெளிய நங்கூரம் போட்டிருக்கிற கப்பல்ல வேலையா இருக்கான். சனிக்கிழமை ராத்திரிதான் வருவான். ஞாயித்துக்கிழமை புது போன் வாங்க தேக்கா வருவோம்."

அவருடைய கம்பெனிக்குச் சொன்னோம். சூப்பர்வைசரிடமிருந்து வெள்ளிக்கிழமை ஒரு வரி வந்தது: ஆள் நன்றாக இருக்கிறார், வேலை செய்துகொண்டிருக்கிறார். அருள் அதைப் படித்துவிட்டு, "அப்ப முடிஞ்சுதுல்ல அக்கா?" என்றார்.

நான் பத்மா சிஸ்டரைக் கேட்டேன். அவர், "நல்லா இருக்கார்னு சொன்னது சூப்பர்வைசர். நாம அவரைக் கேக்கவே இல்லையே" என்றார்.

5. ஞாயிற்றுக்கிழமை

தேக்கா என்கிற லிட்டில் இந்தியாவில் ஞாயிற்றுக்கிழமை தொழிலாளர் கூட்டம் எப்படி இருக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. ஒரு மனிதரை அந்தக் கூட்டத்தில் தேடுவது லேசான காரியமும் இல்லை. அறைக்காரர் சொன்னபடி ஒரு போன் கடை வாசலில் பிற்பகல் மூன்று மணிக்கு நானும் பத்மா சிஸ்டரும் நின்றோம். முக்கால் மணி நேரம் கழித்து இருவரும் வந்தார்கள். கதிரேசனுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். வெயில் கொளுத்திய நாளில் முழுக்கைச் சட்டையை மணிக்கட்டு வரை பொத்தான் போட்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் முகம் மாறியது.

"என்ன சிஸ்டர், எதுவும் பிரச்சனையா?"

"ஒண்ணும் இல்ல தம்பி. குடுத்த மாத்திரைய சாப்டீங்களா?"

"ரெண்டு சாப்டேன் சிஸ்டர். அப்புறம் நிறுத்திட்டேன்."

"ஏன்?"

அவர் தயங்கி, சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டினார். முழங்கைக்கு மேல் வரை தடிப்புத் தடிப்பாகச் சிவந்திருந்தது. இப்போது அடங்கிவருகிறது என்று தெரிந்தது.

"கப்பல்ல புது பெயிண்ட் சிஸ்டர். அது ஒத்துக்கல போல. உடம்பெல்லாம் அரிப்பு, உதடு வேற வீங்கிப் போச்சு. இதுல மாத்திரையும் சேந்து சூடாகிடும்னு நிறுத்தி வச்சேன். இப்ப அரிப்பு குறைஞ்சிருச்சு, காயம்தான் ஆறல. மிச்சத்தை இன்னைக்கு ராத்திரியில இருந்து சாப்பிட்டு முடிச்சிரலாம்னு இருக்கேன்."

பத்மா சிஸ்டர் என் கையைப் பிடித்தார். குரல் மட்டும் மாறவில்லை.

"மாத்திரை இப்ப எங்க இருக்கு?"

சட்டைப் பையிலேயே இருந்தது. அவர் எடுத்துக் கொடுக்க, சிஸ்டர் வாங்கித் தன் கைப்பையில் போட்டுக்கொண்டார். அங்கிருந்து நான்கு கடை தள்ளி ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கும் ஒரு கிளினிக்குக்கு அவரைக் கூட்டிப்போனோம். அந்த டாக்டர் தடிப்பையும் மாத்திரை அட்டையையும் பார்த்தார். பெயிண்ட் இல்லை, மாத்திரைதான் என்றார். திரும்பச் சாப்பிட்டிருந்தால் இரண்டாம் தடவை இன்னும் மோசமாக வந்திருக்கலாம் என்றார். வேறு மருந்து எழுதி, இனி எந்த டாக்டரிடம் போனாலும் காட்டும்படி ஓர் அட்டையில் பென்சிலின் கூடாது என்று எழுதிக் கொடுத்தார்.

வெளியே வந்ததும் நான் கதிரேசனிடம் சொன்னேன். அதைச் சொல்லாமல் வீட்டுக்குப் போக முடியாது போலிருந்தது.

"தம்பி, நான் நர்ஸ் இல்ல. கிளினிக் கம்ப்யூட்டர்ல இருக்கிற புரோகிராமை மாத்தினது நான். உங்ககிட்ட அலர்ஜி இருக்கான்னு கேக்காம விட்டதுக்கு நான் பண்ணின தப்புதான் காரணம். மன்னிச்சிருங்க."

அவர் என்னையே பார்த்தார். பிறகு சங்கடமாகச் சிரித்தார்.

"கேட்டிருந்தாலும் இல்லைன்னுதான் சொல்லியிருப்பேன் அக்கா. எனக்கே இப்பதானே தெரியும்."

அந்த இடத்திலேயே நின்று அதை யோசித்தேன். உண்மைதான். என் கோட் சரியாக இருந்திருந்தால் சிஸ்டர் கேட்டிருப்பார், அவர் இல்லை என்றிருப்பார், NIL என்று எழுதி அதே மாத்திரையைக் கொடுத்திருப்பார்கள். அவரைத் தேடி யாரும் தேக்காவுக்கு வந்திருக்கமாட்டார்கள். இரவு மூன்றாவது மாத்திரையைச் சாப்பிட்டிருப்பார்.

இதனால் என் தப்பு சரியாகிவிடாது. அது தப்புதான், சண்முகம் தானாக வாய் திறந்ததால்தான் பிழைத்தார். ஆனால் தப்பை மூடாமல் அதன் பின்னாலேயே போனதில் ஒரு மனிதர் தப்பித்தார். அருளுக்குப் போன் போட்டுச் சொன்னேன். "டிஸ்ப்ளே இஷ்யூன்னு எழுதச் சொன்னேனே அக்கா" என்றார்.

6. ஒரு தேதி

அடுத்த வாரம் டாக்டர் எங்களைக் கூப்பிட்டார். கிளையண்ட் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டுதான் இருவரும் போனோம். அவர் ஒரு கேள்வியோடு உட்கார்ந்திருந்தார்: "நம் டேட்டாபேஸில் மொத்தம் எத்தனை பேருக்கு இந்தக் கட்டம் NULL?"

எடுத்துக் காட்டினேன். பாதிக்கு மேல். அத்தனை வருடமாகப் பழைய ஸ்கிரீன் அதைக் காலிப் பெட்டியாகக் காட்டிக்கொண்டிருந்ததால் எத்தனை பேர் என்று யாருக்கும் தெரியவில்லை. எண்ணிப் பார்க்க யாரும் நினைக்கவும் இல்லை. இப்போது ஒவ்வொன்றும் சிவப்புப் பட்டையாகக் கண்ணில் பட்டது.

கிளினிக் இரண்டு மாதம் விடுதி விடுதியாகப் போய் எல்லாரிடமும் கேட்டது. அருள் அதற்கென்று போனில் ஓடும் ஒரு சிறு ஃபாரத்தைத் தானே உட்கார்ந்து எழுதிக் கொடுத்தார். கேள்விகளைத் தமிழில், வங்காள மொழியில், சீனர்களுக்கு மாண்டரினில் போட்டார்கள். 'அலர்ஜி உண்டா?' என்று கேட்டால் பலருக்குப் புரியவில்லை. 'மருந்து சாப்பிட்டு எப்போதாவது உடம்பு தடித்ததா, மூச்சு முட்டியதா, முகம் வீங்கியதா?' என்று கேட்டபோது கதைகள் வந்தன. சிவப்புப் பட்டைகள் குறைந்துகொண்டே வந்தன.

ஸ்கிரீனிலும் ஒரு மாற்றம் செய்தேன். அது பத்மா சிஸ்டர் கேட்டது. "இல்லைன்னு வெறுமனே போடாத லா. யார் கேட்டா, என்னைக்கு கேட்டான்னும் போடு. கதிரேசன் செவ்வாய்க்கிழமை இல்லைன்னு சொல்லியிருப்பாரு, ஞாயித்துக்கிழமை ஆமான்னு சொல்வாரு." இப்போது அந்தக் கட்டத்தில் NIL தனியாக வராது. பக்கத்தில் ஒரு பெயரும் தேதியும் இருக்கும். ஆறு மாதம் தாண்டினால் மறுபடி கேட்கச் சொல்லும்.

இணைப்பை மாற்றும் வேலையில் இருக்கிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். டேட்டா ஒரு எழுத்துக்கூடக் குறையாமல் புதிய பக்கம் வந்து சேர்வது பாதி வேலை. பழைய பக்கம் எதைச் சொல்லாமல் விட்டது, அந்த மௌனத்தை வைத்து மனிதர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பது மிச்சப் பாதி. அது கோடில் இருக்காது. வேலை செய்கிறவர் பக்கத்தில் உட்கார்ந்தால்தான் தெரியும். தப்பு நடந்துவிட்டால், சரிசெய்த கையோடு நின்றுவிடாமல், அது யார் யாரைத் தொட்டது என்று கடைசி ஆள் வரைக்கும் போய்ப் பார்க்கவேண்டும்.

போன வாரம் உட்லண்ட்ஸில் வீட்டுக்கே போய் முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் ஒரு சேவை நிறுவனத்தில் எங்கள் கம்பெனிக்குக் கிடைத்த புது வேலையைத் தொடங்கினேன். அங்கேயும் பழைய டிரைவர், பழைய கோட். நான் லேப்டாப்பைத் திறக்கவில்லை. கவுண்ட்டரில் இருந்த ஹேமா என்ற பெண்ணின் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டேன்.

"இந்தப் பெட்டி காலியா இருந்தா நீங்க என்ன பண்ணுவீங்க?"

அவள் ஸ்கிரீனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், நாற்காலியை இன்னும் கொஞ்சம் கிட்டே இழுத்துக்கொண்டாள்.

"எந்தப் பெட்டி ஆன்ட்டி? ஒவ்வொண்ணுக்கும் ஒரு கதை இருக்கு லா. டைம் இருக்கா?"

நோட்டைத் திறந்து, "இன்னைக்கு முழுக்க இருக்கு" என்றேன்.